திடீரென்று அணையும் டெஸ்க்டாப்: சுத்தம் செய்வதா, எஸ்எம்பிஎஸ் மாற்றுவதா, கடையில் கொடுப்பதா, புதிதாகவே வாங்குவதா?

வேலை நடந்துகொண்டிருக்கும்போதே டெஸ்க்டாப் படக்கென்று அணைகிறது. எச்சரிக்கை கிடையாது, விண்டோஸ் முடங்கும்போது வரும் நீலத் திரை கிடையாது, சேமிக்காமல் வைத்திருந்தது போனது போனதுதான். இதில் மாட்டியவர்களுக்கு ஆலோசனைக்குப் பஞ்சமே இருக்காது. தூசு தட்டினால் சரியாகிவிடும் என்று ஒருவர் சொல்வார், எஸ்எம்பிஎஸ் (சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை உள்ளே இருக்கும் பாகங்களுக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் பெட்டி) போயிருக்கும் என்று இன்னொருவர், கடையில் கேட்டால் மதர்போர்டு என்பார்கள், வீட்டில் கேட்டால் இத்தனை வருஷம் ஆகிவிட்டதே, புதிதாக ஒன்று வாங்கிவிடலாமே என்பார்கள். எல்லாமே நடக்கக்கூடியவைதான், அதனாலேயே எதையும் தேர்ந்தெடுக்க முடியாமல் பலர் மாதக்கணக்கில் அப்படியே ஓட்டுகிறார்கள். இருப்பதிலேயே மோசமான முடிவு அதுதான். டிஸ்க்கில் ஏதாவது எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் அறுந்தால் கோப்புகள் சிதைந்துபோகும். ஆகவே மற்றதெல்லாம் அப்புறம், முக்கியமானவற்றை இன்றே வெளியே ஒரு டிரைவில் காப்பி எடுத்து வையுங்கள்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? என்னைக் கேட்டால், எந்த யூகம் சரியாக இருக்கும் என்று மண்டையை உடைத்துக்கொள்வதைவிட, யூகம் தப்பினால் கையில் என்ன மிஞ்சும் என்று பார்த்து வரிசைப்படுத்துவது நல்லது. நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்று வாங்கி மாட்டிய பிறகு கோளாறு வேறு இடத்தில் என்று தெரிந்தாலும் அது அடுத்த கம்ப்யூட்டருக்கு ஆகும். பழைய பிராசஸருக்கு மட்டுமே பொருந்துகிற மதர்போர்டைத் தேடிப்பிடித்து வாங்கி, காரணம் அது இல்லை என்று தெரிந்தால், அந்தக் காசு போனதுதான்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல் இப்போது சொன்னதுதான்: தப்பினால் மிஞ்சுவது என்ன. இரண்டாவது, அந்த வழி நமக்கு எதையாவது உறுதியாகச் சொல்லுமா என்பது. சில வேலைகளைச் செய்து முடித்த பிறகும், சரியானது அதனால்தானா, தற்செயலா என்று தெரியாது. மூன்றாவது, டேட்டாவுக்கு என்ன ஆபத்து. நான்காவது, எத்தனை நாள் கம்ப்யூட்டர் இல்லாமல் இருக்க முடியும், ஏனென்றால் அதை வைத்துத்தான் பிழைப்பு என்கிறவருக்கும் வாரக் கடைசியில் கேம் ஆடுகிறவருக்கும் ஒரே பதில் பொருந்தாது. கடைசியாக, அந்த மெஷினுக்கு இன்னும் எவ்வளவு ஆயுள் பாக்கி இருக்கிறது.

இத்தனைக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அதைச் செய்யாமல் எந்த வழியில் இறங்கினாலும் கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதுதான்.

## எப்படி அணைகிறது என்று பாருங்கள்

அணைவது, ரீஸ்டார்ட் ஆவது, ஸ்லீப்புக்குப் போவது மூன்றும் வேறு வேறு. நீலத் திரை வந்தாலும் விண்டோஸ் தானாகவே ரீஸ்டார்ட் ஆகும்படிதான் அமைக்கப்பட்டிருக்கும், அதனால் அது கண்ணில் படாமலே போகலாம். சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்டு பகுதிக்குப் போய், ஸ்டார்ட்அப் அண்ட் ரிகவரி என்ற இடத்தில் 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். இனி நீலத் திரை வந்தால் அப்படியே நிற்கும்.

அடுத்தது ஈவென்ட் வியூவர், நடந்ததையெல்லாம் விண்டோஸ் குறித்துவைக்கும் இடம். விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம். அங்கே 'கெர்னல்-பவர் 41' என்ற சிவப்புப் பதிவைப் பார்த்ததும் பலர் அதுதான் நோய் என்று நினைத்து அதை "ஃபிக்ஸ்" செய்யும் வழிகளைத் தேடப் போய்விடுகிறார்கள். 41 சொல்வது இவ்வளவுதான்: போன தடவை முறையாக ஷட் டவுன் ஆகவில்லை. உண்மையான தகவல் அந்தப் பதிவின் டீடெய்ல்ஸ் பகுதியில் 'பக்செக்கோட்' என்ற வரியில் இருக்கிறது. அது பூஜ்யமாக இருந்தால், என்ன நடந்தது என்று குறித்துவைக்கக்கூட விண்டோஸுக்கு நேரம் கிடைக்கவில்லை என்று பொருள், அதாவது பெரும்பாலும் மின்சாரப் பக்கம். வேறு எண் இருந்தால் அது நீலத் திரை, ராம் அல்லது டிரைவர் (பாகங்களை இயக்கும் மென்பொருள்) பக்கம் போங்கள். அதே நேரத்தில் 1074 என்ற பதிவு இருந்தால் ஏதோ ஒரு புரோகிராமோ அப்டேட்டோ ஷட் டவுன் செய்யச் சொல்லியிருக்கிறது, ஸ்குரூ டிரைவரைத் தொடவே வேண்டாம்.

மூன்றாவது தடயத்தை ரொம்பப் பேர் கவனிப்பதில்லை. அணைந்த உடனே பவர் பட்டனை அழுத்திப் பாருங்கள். எவ்வளவு அழுத்தினாலும் அசையாமல், பின்பக்கம் எஸ்எம்பிஎஸ்ஸில் இருக்கும் ஸ்விட்சை அணைத்து, கொஞ்ச நேரம் கழித்துப் போட்டால் மட்டும் உயிர் வருகிறதா? அப்படியென்றால் எஸ்எம்பிஎஸ்ஸின் பாதுகாப்புச் சுற்று வேலை செய்து பூட்டிக்கொண்டிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். அளவுக்கு மேல் கரண்ட் இழுக்கப்பட்டது, எங்கோ ஷார்ட், அல்லது எஸ்எம்பிஎஸ்ஸே தளர்ந்துவிட்டது, இந்த மூன்றில் ஒன்று.

வெப்பம் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. இன்றைய பிராசஸர்கள் சூடானதும் அணைவதில்லை. இன்டெல்லின் பல பிராசஸர்களுக்கு எல்லை 100 டிகிரி, ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையில் பலவும் முழு வேலையில் 95 டிகிரி வரை போவதையே இயல்பாகக் கொண்டு வடிவமைக்கப்பட்டவை. எல்லையைத் தொட்டதும் முதலில் தங்கள் வேகத்தைத் தாங்களே குறைத்துக்கொள்ளும், அதுவும் போதாமல் சூடு ஏறினால்தான் மின்சாரத்தை அறுக்கும். அதனால் பிராசஸர் வெப்பம்தான் காரணம் என்றால் அணைவதற்கு முன்னால் எல்லாம் மந்தமாகும், ஃபேன் அலறும். 65 டிகிரியில் அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது பொசுக்கென்று போனால் அதைச் சூட்டின் மேல் போடாதீர்கள்.

| எப்படி அணைகிறது | முதல் சந்தேகம் | எங்கே தொடங்கலாம் |
|---|---|---|
| கேம் அல்லது ரெண்டரிங் தொடங்கிய சில விநாடியில், சூடு ஏறும் முன்பே | எஸ்எம்பிஎஸ், கிராபிக்ஸ் கார்டு கேபிள் | கேபிள், பவர் லிமிட், பிறகு எஸ்எம்பிஎஸ் |
| பத்து இருபது நிமிஷம் கழித்து, மந்தமான பிறகு | வெப்பம் | தூசு, தெர்மல் பேஸ்ட் (வழி 2) |
| ஆன் செய்த நான்கைந்து விநாடியில், ஒவ்வொரு தடவையும் | சிக்கிய பவர் பட்டன், கழன்ற கூலர், ஷார்ட் | செலவில்லாத சோதனை (வழி 1) |
| சும்மா இருக்கும்போது, நேரம் காலம் இல்லாமல் | பிளக், யூபிஎஸ், எஸ்எம்பிஎஸ் | சுவரில் நேராகச் செருகுவது |
| நீலத் திரை, அல்லது அணையாமல் ரீஸ்டார்ட் | ராம், டிரைவர் | ராமின் வேக அமைப்பை அணைப்பது (வழி 1) |

## வழி 1: காசில்லாமல் ஒரு மாலை நேரம்

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இதைத் தாண்டிப் போகாதீர்கள். செலவு நேரம் மட்டுமே, தப்பினாலும் இழப்பதற்கு எதுவும் இல்லை, நான்கைந்து சந்தேகங்கள் ஒரே மாலையில் தீர்ந்துவிடும்.

யூபிஎஸ், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், ஸ்டெபிலைசர் எதுவும் இடையில் இல்லாமல் நேராகச் சுவரில் இருக்கும் பிளக் பாயிண்டில் செருகி ஒரு நாள் ஓட்டுங்கள். பவர் கார்டையும் மாற்றிப் பாருங்கள், எஸ்எம்பிஎஸ்ஸில் செருகும் முனை லூசாகி, மேஜையை லேசாக இடித்தாலே அணைகிற கம்ப்யூட்டர்கள் உண்டு.

அடுத்தது பவர் பட்டன். பவர் பட்டனை நான்கு விநாடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால் கம்ப்யூட்டர் அணையும் என்பது தெரிந்ததுதான். அந்தப் பட்டன் உள்ளே சிக்கி, அழுத்திய நிலையிலேயே நின்றுவிட்டால்? ஆன் ஆகி நான்கைந்து விநாடியில் அணையும், ஒவ்வொரு தடவையும். இதைக் கண்டுபிடிக்க கேபினட்டின் முன்பக்கத்திலிருந்து வரும் மெல்லிய ஒயர்களில், மதர்போர்டின் கீழ் மூலையில் செருகியிருக்கும் இரண்டு பின் கொண்ட பவர் ஸ்விட்ச் கனெக்டரை உருவிவிட்டு, வெளியே தெரியும் அந்த இரண்டு பின்களை ஸ்குரூ டிரைவர் முனையால் ஒரு விநாடி தொட்டு ஆன் செய்யுங்கள். இப்போது அணையாமல் ஓடினால் குற்றவாளி கேபினட்டின் பட்டன். பக்கத்திலேயே இருக்கும் ரீசெட் கனெக்டரை உருவி அந்தப் பவர் பின்களில் செருகி, ரீசெட் பட்டனைப் பவர் பட்டனாகவே பயன்படுத்திக்கொள்ளலாம். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் மதர்போர்டு மாற்றியவர்கள் இருக்கிறார்கள் என்று நினைத்தாலே வருத்தமாக இருக்கிறது.

மதர்போர்டுக்குப் போகும் 24 பின் கனெக்டர், பிராசஸருக்கு மேலே இருக்கும் 8 பின் கனெக்டர், கிராபிக்ஸ் கார்டின் கனெக்டர் மூன்றையும், பின்பக்க ஸ்விட்சை அணைத்து பவர் ஒயரையும் பிடுங்கிய பிறகு, உருவி மறுபடி செருகுங்கள். உருவும்போது பிளாஸ்டிக்கை உற்றுப் பாருங்கள். எங்காவது பழுப்பேறியிருந்தாலோ, ஓட்டை லேசாக உருகி வடிவம் மாறியிருந்தாலோ அங்கே தொடர்பு சரியில்லாமல் சூடாகியிருக்கிறது, அதன் பிறகு அந்தக் கேபிளைப் பயன்படுத்தக் கூடாது. புதிய கார்டுகளில் வரும் 16 பின் கனெக்டர் 600 வாட் வரை கொடுக்கும் வகை, அது கடைசி வரை உள்ளே போகாமல் அரைகுறையாக நின்றால் உருகிய சம்பவங்கள் நிறைய.

கடைசியாக, பாகங்களை நிர்ணயித்ததைவிட வேகமாக ஓட்டும் ஓவர்கிளாக்கிங் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் வரும் மதர்போர்டின் அமைப்புத் திரை) ராமை வேகமாக ஓட்டும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ அமைப்பையும் அணைத்து, எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மாதிரி ஒரு புரோகிராமில் கிராபிக்ஸ் கார்டின் பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்குக் குறைத்து, வழக்கமாக அணையும் அதே கேமை ஓட்டுங்கள். முன்பு சில விநாடியிலேயே அணைந்தது இப்போது அணையாமல் ஓடுகிறது என்றால் மின்சாரம் கொடுக்கிற பக்கம்தான் திணறுகிறது என்பதற்கு நல்ல சாட்சி. கையில் காசு இல்லாத மாதத்தில் இப்படியே ஓட்டவும் செய்யலாம், வேகம் நினைத்த அளவுக்குக் குறையாது.

மதர்போர்டில் இருக்கும் சின்ன சிமாஸ் பேட்டரியை மாற்றச் சொல்கிறார்களே என்றால், அது தீர்ந்தால் தேதியும் பயாஸ் அமைப்பும் மறக்கும், ஓடும் கம்ப்யூட்டர் அணைவதற்கு அது காரணமாக இருப்பது அபூர்வம்.

## வழி 2: தூசு தட்டி, தெர்மல் பேஸ்ட் மாற்றுவது

இதற்குப் பெரிய செலவு இல்லை, பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவில் பூசும் பேஸ்ட் ஒரு சின்ன ட்யூப்பும், பழையதைத் துடைக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் போதும். தப்பினாலும் கம்ப்யூட்டர் சுத்தமானதுதான் மிச்சம். ஆனால் எச்டபிள்யூஇன்ஃபோ மாதிரி ஒன்றை ஓடவிட்டு, வெப்ப அளவுகளைக் கோப்பில் பதியச் செய்து, அணைவதற்கு முந்தைய கடைசி வரியில் என்ன இருந்தது என்று பார்த்த பிறகு இறங்குங்கள். 90க்கு மேல் இருந்து, அணையும் முன் மந்தமாகவும் ஆகியிருந்தால் இதுதான் உங்கள் வழி. 60, 70 என்று இருந்தால் பேஸ்ட் எதையும் மாற்றாது, இருந்தாலும் தூசை மட்டும் தட்டிவிடுங்கள், எஸ்எம்பிஎஸ்ஸும் மூச்சு விட வேண்டுமே.

வெளியிலிருந்து ஊதுவது போதாது. ஃபேனுக்கும் ஹீட்சிங்கின் தகடுகளுக்கும் நடுவில் தூசு கம்பளித் துணி மாதிரி ஒரே படலமாகப் படிந்திருக்கும், ஃபேனைக் கழற்றினால்தான் அது தெரியவே தெரியும். காற்று அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சுழலவிட்டு அடித்தால் பேரிங் கெடும். இன்டெல் பிராசஸரோடு சேர்த்தே தந்த பழைய ஸ்டாக் கூலர்களில் நான்கு பிளாஸ்டிக் பின்கள் இருக்கும், அதில் ஒன்று எழும்பி நின்றாலே கூலர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு சூடு எகிறும். பேஸ்ட்டைத் தொடும் முன் அந்த நான்கையும் அழுத்திப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

மறைந்திருக்கும் ஆபத்து கூலரைக் கழற்றும்போது வருகிறது. ஏஎம்4 சாக்கெட்டுக்கான ரைசன் பிராசஸர்களில் பின்கள் பிராசஸரின் அடியில் இருக்கின்றன. காய்ந்த பேஸ்ட் பசையாகப் பிடித்துக்கொள்ள, நேராகத் தூக்கினால் பிராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்துவிடும், பின்கள் வளையும். சிறிது நேரம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, கூலரை இடமும் வலமுமாக மெதுவாகத் திருகி எடுங்கள். தண்ணீர்க் கூலர் வைத்திருப்பவர்கள் பம்ப்பின் சுழற்சி எண்ணிக்கையைப் பாருங்கள். அது பூஜ்யமாக இருந்து, சும்மா இருக்கும்போதே ஓரிரு நிமிஷத்தில் 90ஐத் தொட்டால், பேஸ்ட்டோடு நிற்காது, கூலரையே மாற்ற வேண்டும்.

## வழி 3: எஸ்எம்பிஎஸ் மாற்றுவது

சுமை ஏறும்போது படக்கென்று அணைகிறது, பக்செக்கோட் பூஜ்யம், வெப்பம் சாதாரணம் என்றால் நான் முதலில் கை வைப்பது இங்கேதான். எஸ்எம்பிஎஸ்ஸில் வயதாவது அதன் மின்தேக்கிகள். உள்ளே இருக்கும் எலக்ட்ரோலைட் வருஷக்கணக்கான சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாக உலர்கிறது, வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது அந்தத் துறையில் வழக்கமான கணக்கு. அவை தளர்ந்ததும் மெதுவான, சீரான சுமையைத் தாங்கும், திடீர் இழுப்பைத் தாங்காது. கிராபிக்ஸ் கார்டுகள் செய்வது அந்தத் திடீர் இழுப்பைத்தான். ஆர்டிஎக்ஸ் 3080 கார்டின் சக்தி 320 வாட் என்று பெட்டியில் போட்டிருந்தாலும், மில்லி விநாடிக் கணக்கில் அதைவிட நிறைய மேலே போய் இறங்கும். இந்தத் தொல்லைக்காகவே 2022இல் வந்த, எஸ்எம்பிஎஸ்களுக்கான ஏடிஎக்ஸ் 3.0 என்ற பொது விதிமுறை, 100 மைக்ரோ விநாடி நேரத்துக்குத் தன் அளவைப்போல் இரண்டு மடங்கு இழுப்பை எஸ்எம்பிஎஸ் தாங்க வேண்டும் என்று கேட்கிறது.

மல்ட்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன், 12 வோல்ட் சரியாக வருகிறதே என்பார்கள். 12 வோல்ட் லைனில் அனுமதி 5 சதவீதம், அதாவது 11.4 முதல் 12.6 வரை. அதற்கு வெளியே போனால் எஸ்எம்பிஎஸ் கெட்டது என்று சொல்லிவிடலாம், உள்ளே இருந்தால் நல்லது என்று சொல்ல முடியாது, ஏனென்றால் மைக்ரோ விநாடியில் வந்து போகும் பள்ளம் மல்ட்டிமீட்டரில் தெரியாது, அதற்கு ஆசிலாஸ்கோப் வேண்டும். பச்சை ஒயரையும் கருப்பு ஒயரையும் கம்பியால் இணைத்து ஃபேன் சுற்றுகிறதா என்று பார்ப்பதும் அப்படித்தான், சுமையே இல்லாமல் சுற்றுவதால் எதுவும் நிரூபணமாகாது.

அப்படியானால் சிறந்த சோதனை எது? தெரிந்தவரிடமிருந்து நல்ல நிலையில், போதிய வாட் உள்ள எஸ்எம்பிஎஸ் ஒன்றை இரண்டு மூன்று நாளைக்கு இரவல் வாங்கி மாட்டி ஓட்டுவது. இந்தக் கட்டுரையில் இருக்கும் எல்லா வழியிலும் இதுதான் மிகக் குறைந்த செலவில் மிக உறுதியான பதிலைத் தருகிறது. கிடைக்காவிட்டால், திருப்பிக் கொடுக்க அனுமதிக்கும் இடத்தில் வாங்குங்கள்.

இரவலோ புதிதோ, ஒரு விஷயத்தை மட்டும் தயவுசெய்து நினைவில் வையுங்கள். மாடுலர் (கேபிள்களைத் தனியே கழற்றி மாட்டக்கூடிய) எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிள்களை இன்னொரு எஸ்எம்பிஎஸ்ஸோடு கலக்கவே கூடாது. மதர்போர்டில் செருகும் முனைதான் எல்லோருக்கும் பொது, எஸ்எம்பிஎஸ்ஸில் செருகும் முனைக்குப் பொது விதி எதுவும் இல்லை. அளவு பொருந்தும், அழகாக உள்ளே போகும், ஆனால் 5 வோல்ட் போக வேண்டிய பின்னில் 12 வோல்ட் போய் டிஸ்க்குகள் எல்லாம் ஒரே நொடியில் செத்துப்போகும். பழைய கேபிள்கள் கேபினட்டுக்குள் அழகாகக் கட்டப்பட்டிருக்கிறதே என்று எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் மாற்ற நினைக்காதீர்கள். ஒரே கம்பெனியாக இருந்தாலும் மாடலுக்கு மாடல் மாறலாம்.

எத்தனை வாட் வேண்டும்? பிராசஸர் அதிகபட்சம் இழுப்பது, கிராபிக்ஸ் கார்டு இழுப்பது, மற்றவற்றுக்கு ஒரு 75 முதல் 100 வாட், எல்லாம் கூட்டி அதற்கு மேல் கொஞ்சம் இடம் விடுங்கள். இன்டெல் 13700கே பிராசஸரின் உச்சம் 253 வாட், மேலே சொன்ன கார்டு 320. இரண்டும் சேர்ந்தே 573, மற்றவற்றோடு 670ஐத் தொடும், அங்கே 650 வாட் எஸ்எம்பிஎஸ் வைத்துவிட்டு அணைகிறதே என்று வருத்தப்படக் கூடாது, 750க்குக் கீழே போகாதீர்கள், 850 என்றால் நிம்மதி. 80 பிளஸ் கோல்டு, பிரான்ஸ் முத்திரைகள் எவ்வளவு மின்சாரம் வீணாகிறது என்பதை மட்டுமே சொல்கின்றன, பாதுகாப்புச் சுற்றுகளின் தரத்தைச் சொல்வதில்லை. 7 முதல் 10 வருஷம் வாரண்டி தருகிறார்களா என்பது அதைவிட நம்பகமான அடையாளம். கார்டில் இரண்டு 8 பின் இடங்கள் இருந்தால் ஒரே கேபிளின் இரட்டைத் தலையைச் செருகாமல் தனித்தனியாக இரண்டு கேபிள் இழுங்கள். ஒரு 8 பின் கனெக்டரின் கணக்கே 150 வாட்தான்.

இதிலும் மறைமுகச் செலவு உண்டு. பெரிய கம்பெனிகளின் ரெடிமேட் டெஸ்க்டாப்கள் பலவற்றில் எஸ்எம்பிஎஸ்ஸின் அளவும் கனெக்டரும் அவர்களுக்கே உரியவை, சாதாரண ஏடிஎக்ஸ் உள்ளே போகாது. வாங்கும் முன் திறந்து பாருங்கள். பழைய எஸ்எம்பிஎஸ்ஸைப் பிரித்து மின்தேக்கி மாற்றலாமா என்று யோசிப்பவர்களுக்கு: வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே முந்நூறு வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம், அது உயிரை எடுக்கும்.

## வழி 4: யூபிஎஸ் வாங்குவது

லைட் ஒரு கணம் மினுக்கும்போதெல்லாம் கம்ப்யூட்டர் போகிறது என்றால் மட்டும் இது முதல் வழி. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஒரு சுழற்சிக்கு 20 மில்லி விநாடி. நல்ல எஸ்எம்பிஎஸ் மின்சாரம் நின்ற பிறகும் 16, 17 மில்லி விநாடி தாங்கும்படி செய்யப்பட்டது, வயதாக ஆக அந்த அவகாசம் சுருங்குகிறது. முன்பு தெரியாமல் போன மினுக்கல் இப்போது கம்ப்யூட்டரை அணைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அதனால் யூபிஎஸ் வாங்கி மூடி மறைப்பது எஸ்எம்பிஎஸ்ஸின் தளர்ச்சியாகவும் இருக்கலாம்.

ஏற்கெனவே யூபிஎஸ் வைத்திருப்பவர்களுக்கு அந்த யூபிஎஸ்ஸே காரணமாக இருப்பது சகஜம். அதன் பேட்டரி பொதுவாக 3 முதல் 5 வருஷம் உழைக்கும், அதன் பிறகு மாற்றிக் கொடுக்க வேண்டிய நொடியில் கைவிடும். 600 விஏ என்று போட்டிருப்பது 600 வாட் கிடையாது, பல சின்ன யூபிஎஸ்களில் 360 வாட் அளவுதான். கேம் ஆடும் கம்ப்யூட்டருக்கு அது எந்த மூலைக்கு.

## வழி 5: கடையில் கொடுப்பது

வாரண்டி இருந்தால் யோசிக்கவே வேண்டாம், இதுதான். கேபினட்டைத் திறக்கத் தயங்குகிறவர்களுக்கும் இதுதான். மாற்றிப் பார்க்க அவர்களிடம் உதிரி எஸ்எம்பிஎஸ், ராம், கார்டு எல்லாம் இருக்கிறது, வீட்டில் நமக்கு இல்லாதது அது ஒன்றுதான்.

ஆனால் எப்போதாவது வருகிற கோளாறு கடையில் வராது. அங்கே கேம் ஓட்ட மாட்டார்கள், உங்கள் யூபிஎஸ் அங்கே இல்லை, ஒரு மணி நேரம் ஓடவிட்டு நன்றாகத்தானே இருக்கிறது என்று திருப்பிக் கொடுப்பார்கள், இல்லையென்றால் யூகத்தில் ஒன்றை மாற்றுவார்கள். இதற்கு மருந்து நீங்கள் எழுதிக் கொடுக்கும் ஒரு சீட்டு: என்ன செய்யும்போது, ஆன் செய்து எவ்வளவு நேரத்தில், பட்டன் மறுபடி வேலை செய்ததா, பக்செக்கோட் என்ன, சுவரில் நேராகச் செருகியும் வந்ததா. இந்த ஐந்தும் இருந்தால் நேர்மையான டெக்னீஷியனுக்குப் பாதி வேலை முடிந்தது. மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

"போர்டு போச்சு" என்று சொன்னால் எதை மாற்றிப் பார்த்த பிறகு அந்த முடிவுக்கு வந்தார்கள் என்று கேளுங்கள். மின்தேக்கியின் தலை உப்பியிருந்தாலோ, எரிந்த கறை இருந்தாலோ கண்ணால் காட்ட முடியும். மற்றபடி எஸ்எம்பிஎஸ், ராம், கார்டு, பட்டன், கூலர் எல்லாவற்றையும் விலக்கிய பிறகு மிஞ்சுவதுதான் மதர்போர்டு, அதற்கு முன்னால் அதைக் குற்றம் சொல்ல வழி இல்லை. போர்டு மாறினால் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) போட்ட டிரைவ் 48 இலக்க ரிகவரி கீயைக் கேட்கும், அது உங்களிடம் இல்லையென்றால் டேட்டா போனதுதான். கம்ப்யூட்டரோடு வந்த விண்டோஸ் லைசென்ஸும் பழைய போர்டோடு கட்டப்பட்டது. இந்த இரண்டையும் சேர்த்துத்தான் போர்டு மாற்றும் செலவைக் கணக்கிட வேண்டும்.

## வழி 6: புதிதாக வாங்குவது

கோளாறு போர்டில் என்று உறுதியாகி, அதில் இருப்பது டிடிஆர்3 என்ற பழைய தலைமுறை ராம் காலத்து பிராசஸர் என்றால் செலவு செய்யாதீர்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பைக் கேட்கிறது, இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறைக்கு முந்தையவற்றை ஏற்பதில்லை. அந்த வயது மெஷினுக்குப் போர்டு தேடினால் கிடைப்பதும் யாரோ பயன்படுத்திக் கழித்ததாகவே இருக்கும். லினக்ஸ் போட்டு ஓட்டுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அவர்கள் எஸ்எம்பிஎஸ் மாற்றுவதோடு இன்னும் பல வருஷம் ஓட்டலாம்.

எவ்வளவு அவசரமாக இருந்தாலும் புதியதற்குக் காசு கட்டும் முன் சுவரில் நேராகச் செருகிப் பார்க்கும் சோதனையை முடித்துவிடுங்கள். காரணம் பிளக் பாயிண்டிலோ யூபிஎஸ்ஸிலோ இருந்தால் புதியதும் முதல் வாரத்திலேயே அதே மாதிரி அணையும். பழையதிலிருந்து எஸ்எஸ்டி, கிராபிக்ஸ் கார்டு இரண்டையும் புதியதற்கு எடுத்துப் போடலாம், டிடிஆர்3 ராம் புதியதில் பொருந்தாது, எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும், அது குற்றவாளி இல்லை என்று நிரூபணமாகியிருந்தால் ஒழிய, எடுத்துப் போடாதீர்கள். கார்டை மாற்றிய பிறகு கோளாறும் அதோடு சேர்ந்து வந்தால் அந்தக் கார்டுதான் காரணம் என்று தெரிந்துவிடும், அதனால் எல்லாப் பாகங்களையும் ஒரே நாளில் மாட்டாமல், ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டு மாட்டுங்கள்.